காயமே வரிசையைத் தீர்மானிக்கும் என்றவர்: போர்க்கள அறுவை மருத்துவர் டொமினிக் லாரேயின் வாழ்வும் பணியும்

விபத்து நடந்த இடத்துக்கே விரைந்து வரும் ஆம்புலன்சும், மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் யாரை முதலில் கவனிப்பது என்று வகைப்படுத்தும் முறையும் இன்று உலகெங்கும் நடைமுறையில் உள்ளன. இவ்விரண்டின் தொடக்கத்தையும் தேடிச் செல்வோர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவை உலுக்கிய போர்க்களங்களையே சென்றடைவர். அக்களங்களில் பிரெஞ்சுப் படையின் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய டொமினிக் ஜான் லாரே, குண்டு மழைக்கு நடுவே காயமுற்றோரைத் தேடிச் சென்றவர். பதவியையும் நாட்டையும் பாராமல், காயத்தின் கடுமையை மட்டுமே கொண்டு சிகிச்சை வரிசையை வகுத்தவர்.

நெப்போலியன் போனபார்ட்டின் படைகளோடு எகிப்து முதல் ரஷ்யா வரை பயணித்த லாரே, 25 படையெடுப்புகளிலும் 60 பெரும் போர்களிலும் பங்கேற்றதாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகின்றனர். பிரான்சின் உயரிய விருதான லெஜியன் ஆஃப் ஹானர் விருதும் பேரன் பட்டமும் அவரைத் தேடி வந்தன. எனினும் இரு நூற்றாண்டுகளைக் கடந்தும் அவர் பெயர் நிலைத்திருப்பதற்குக் காரணம் அவர் வகுத்த அந்த எளிய விதியே ஆகும்.

மலைக் கிராமத்துச் சிறுவன்

பிரான்சின் தென்மேற்கே பைரனீஸ் மலையடிவாரத்தில் உள்ள போதேயான் என்னும் சிற்றூரில் 1766ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி லாரே பிறந்தார். காலணி தைக்கும் தொழிலாளியான தந்தை, லாரே சிறுவனாக இருந்தபோதே காலமானார். ஊர்ப் பாதிரியாரிடம் எழுத்தறிவு பெற்ற சிறுவன், 13 வயதில் துலூஸ் நகருக்கு அனுப்பப்பட்டான். அந்நகர மருத்துவமனையில் தலைமை அறுவை மருத்துவராக இருந்த சித்தப்பா அலெக்சி லாரே, அவனைத் தம் மாணவனாக ஏற்றுக்கொண்டார்.

அக்காலத்தில் அறுவை மருத்துவம் கைத்தொழிலைப் போலவே கற்பிக்கப்பட்டது. நோயாளியின் படுக்கையருகே நின்று கட்டுப் போடுவதிலிருந்து தொடங்கி, உடற்கூறு அறிந்து, பின்னரே கத்தியைக் கையிலெடுக்க அனுமதி கிடைக்கும். ஆறாண்டுகளுக்கு மேல் இவ்வாறு பயின்ற லாரே, 1787ஆம் ஆண்டு தலைநகர் பாரிசுக்குச் சென்றார். கடற்படை மருத்துவர் தேர்வில் வென்று, விஜிலான்ட் என்னும் போர்க்கப்பலில் வட அமெரிக்காவின் நியூபவுண்ட்லாந்து கடற்பகுதிக்குப் பயணமானார். கடற்பயணம் அவர் உடலுக்கு ஒத்துவரவில்லை. அடுத்த ஆண்டே அப்பணியைத் துறந்து திரும்பினார்.

பாரிசில் புகழ்பெற்ற ஓட்டல் தியூ மருத்துவமனையில் பேராசிரியர் தெசோவிடமும், முதிய போர்வீரர்களுக்கான இன்வாலிட் மருத்துவமனையில் பேராசிரியர் சபாத்தியேவிடமும் அவர் பயிற்சி பெற்றார். அவ்வேளையில்தான் 1789ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. மூன்றாண்டுகளில் ஆஸ்திரியா, பிரஷ்யா ஆகிய நாடுகளுடன் போர் மூண்டது. 1792இல் 26 வயது லாரே, ரைன் படையின் அறுவை மருத்துவராக எல்லைக்கு அனுப்பப்பட்டார்.

ஐந்து கிலோமீட்டர் இடைவெளி

எல்லையில் அவர் கண்ட காட்சி அவரது வாழ்வின் திசையைத் தீர்மானித்தது. அன்றைய படை விதிகளின்படி, மருத்துவ வண்டிகள் போர்முனையிலிருந்து ஒரு லீக் தொலைவில், அதாவது ஏறத்தாழ 4 முதல் 5 கிலோமீட்டருக்குப் பின்னால் நிறுத்தப்பட வேண்டும். படைகளின் நகர்வுக்கு அவை இடையூறாக இருக்கக்கூடாது என்பதும், பீரங்கிக் குண்டுக்கு இரையாகிவிடக்கூடாது என்பதும் அவ்விதிக்குக் காரணங்கள். போர் ஓய்ந்த பின்னரே கனத்த வண்டிகள் மெதுவாகக் களத்தை நோக்கி நகரும். சேறும் சகதியுமான பாதைகளில் அவை வந்து சேர்வதற்குள் ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்துவிடும்.

அதற்குள் காயமுற்றோரில் பெரும்பாலோர் இரத்தப்போக்காலும் குளிராலும் தாகத்தாலும் இறந்துபோயினர். உயிர் எஞ்சியோரிலும் முதலில் தூக்கிச் செல்லப்பட்டவர்கள் அதிகாரிகளே. தூக்கிச் செல்ல நண்பர்களோ பணமோ இல்லாத சாதாரணச் சிப்பாய் விழுந்த இடத்திலேயே கிடந்தான். படை பின்வாங்க நேர்ந்தாலோ அவன் எதிரியின் கையில் கைவிடப்பட்டான்.

அதே களத்தில் லாரே மற்றொன்றையும் கவனித்தார். குதிரைகள் பூட்டிய இலகு பீரங்கி வண்டிகள், ஓரிடத்தில் சுட்டுவிட்டுச் சில நிமிடங்களில் வேறிடத்துக்குப் பாய்ந்து சென்றன. அவற்றைப் பறக்கும் பீரங்கிகள் என்று வீரர்கள் அழைத்தனர். உயிரைப் பறிக்கும் கருவி இவ்வளவு விரைவாகக் களத்தில் இயங்க முடியுமானால், உயிரைக் காக்கும் வண்டியும் அவ்வாறே இயங்க முடியும் என்று அவர் முடிவுக்கு வந்தார். படைத் தளபதி கஸ்டீனிடம் திட்டத்தை முன்வைத்து அனுமதியும் பெற்றார். பறக்கும் ஆம்புலன்ஸ் என்ற பெயர் அங்கே பிறந்தது.

தொடக்கத்தில் அது சில மருத்துவர்களும் உதவியாளர்களும் குதிரைகளில் ஏறி முன்வரிசைக்குச் சென்று கட்டுப் போடும் ஏற்பாடாகவே இருந்தது. பின்னர் 1797இல் இத்தாலியில் நெப்போலியனின் படையோடு இணைந்தபோது, லாரே அதை முழுமையான அமைப்பாக வளர்த்தெடுத்தார். 340 பேர் கொண்ட அந்த மருத்துவப் படை மூன்று பிரிவுகளாக இயங்கியது. ஒவ்வொரு பிரிவிலும் 12 இலகு வண்டிகளும் 4 கனரக வண்டிகளும் இருந்தன. இரு குதிரைகள் இழுக்கும் இருசக்கர வண்டியில் இருவரையும், நான்கு குதிரைகள் இழுக்கும் நான்கு சக்கர வண்டியில் நால்வரையும் படுக்கவைத்துக் கொண்டு செல்லலாம்.

வண்டிகளின் அமைப்பில் அவர் காட்டிய அக்கறை குறிப்பிடத்தக்கது. மேடுபள்ளங்களில் அதிர்வு குறையும்படி வில்தகடுகளின் மேல் பெட்டி பொருத்தப்பட்டது. உட்புறம் மெத்தை வைத்துத் தைக்கப்பட்டது. காற்றோட்டத்துக்குச் சிறு சாளரங்கள் இருந்தன. காயமுற்றவரை அசைக்காமல் ஏற்றி இறக்குவதற்காக அடித்தளம் உருளைகளின் மேல் வழுக்கி வெளியே வருமாறு செய்யப்பட்டது. பக்கவாட்டுப் பைகளில் கட்டுத்துணியும் மருந்தும் வைக்கப்பட்டன. வண்டியோடு செல்லும் மருத்துவர் களத்திலேயே இரத்தப்போக்கை நிறுத்துவார். கடுமையான காயங்களுக்கு அருகிலேயே அறுவைச் சிகிச்சை நடைபெறும்.

பாலைவனத்தில் ஒட்டகங்கள்

1798இல் நெப்போலியன் எகிப்தின் மீது படையெடுத்தபோது லாரேயும் உடன் சென்றார். மணலில் வண்டிச் சக்கரங்கள் புதைந்தன. உடனே அவர் ஒட்டகத்தின் இருபுறமும் நீண்ட கூடைகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு கூடையிலும் ஒருவர் கால்நீட்டிப் படுக்கும் வகையில் புதிய ஏற்பாடு செய்தார். இடத்துக்கேற்ப ஊர்தி மாறியதே தவிர, காயமுற்றவரை அவர் இருக்கும் இடத்திலேயே சென்று அடைவது என்னும் கொள்கை மாறவில்லை.

எகிப்திலும் சிரியாவிலும் போர்க் காயங்களைவிட நோய்களே படையை அதிகம் வாட்டின. கண்நோய் பரவி வீரர்கள் பார்வை இழந்தனர். யாஃபா நகரில் பிளேக் நோய் தாக்கியது. இவற்றையெல்லாம் லாரே நாள்தோறும் குறித்து வைத்தார். சிரியாவில் வீரர்களின் காயங்களில் ஈப்புழுக்கள் மொய்த்ததைக் கண்டு பிறர் அருவருத்தபோது, அப்புழுக்கள் அழுகிய சதையை மட்டுமே தின்றுவிட்டு நல்ல சதையைத் தொடாமல் விடுவதையும், அத்தகைய காயங்கள் விரைந்து ஆறுவதையும் அவர் பதிவுசெய்தார். ஆறாத புண்களுக்குப் புழுச் சிகிச்சை அளிக்கும் இன்றைய மருத்துவர்கள் அப்பதிவை இன்னமும் நினைவுகூர்கின்றனர்.

நாடு திரும்பிய பின் தலைவரின் மெய்க்காவல் படைக்குத் தலைமை அறுவை மருத்துவராக அவர் அமர்த்தப்பட்டார். 1803இல் கை, கால்களை அகற்றும் அறுவைச் சிகிச்சை குறித்து ஆய்வேடு அளித்து மருத்துவ முனைவர் பட்டம் பெற்றார். குண்டு துளைத்துச் சிதைந்த கையையோ காலையோ காப்பாற்ற முயன்று பல நாள் காத்திருப்பது அன்றைய வழக்கம். காத்திருக்கும் நாள்களில் சதை அழுகி, நஞ்சு உடலெங்கும் பரவி, பலர் இறந்தனர். சிதைந்த உறுப்பை முதல் 24 மணி நேரத்துக்குள் அகற்றிவிட்டால் பிழைப்போர் தொகை கூடும் என்பது லாரேயின் அனுபவ முடிவு. களத்துக்கே மருத்துவர் செல்ல வேண்டும் என்ற அவரது பிடிவாதத்துக்கும் இதுவே அடிப்படை. சிகிச்சை முறையும் ஊர்தியும் அவருக்கு ஒரே திட்டத்தின் இரு பாதிகள்.

மயக்க மருந்து இல்லாத காலம்

அறுவையின்போது வலியை உணராமல் இருக்கச் செய்யும் ஈதர் மயக்கமருந்து 1846இல்தான் பொதுவெளியில் செய்து காட்டப்பட்டது. அப்போது லாரே இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கிருமிகளே புண்ணில் சீழ் பிடிக்கக் காரணம் என்பதும் அவர் காலத்தில் அறியப்படவில்லை. ஒரு வாய் மதுவும் பற்களுக்கிடையே கடித்துக்கொள்ள ஏதேனும் ஒரு பொருளுமே நோயாளிக்குக் கிடைத்த ஆறுதல். அத்தகைய காலத்தில் அறுவை மருத்துவரின் வேகமே நோயாளிக்குச் செய்யும் கருணையாக இருந்தது. லாரே ஒரு காலைச் சில நிமிடங்களில் அகற்றி, இரத்தக் குழாய்களைக் கட்டி முடிக்கும் திறன் பெற்றிருந்தார்.

1807 பிப்ரவரியில் கிழக்கு பிரஷ்யாவின் ஐலாவ் களத்தில் உறைபனிக்கு நடுவே போர் நிகழ்ந்தது. மருத்துவ உதவியாளர்களின் கைகளிலிருந்து கருவிகள் நழுவி விழும் அளவுக்குக் கடுங்குளிர். அக்குளிரில் மரத்துப்போன கை, கால்களை அகற்றும்போது வீரர்கள் வலியைக் குறைவாகவே உணர்வதை லாரே கவனித்தார். உறைபனியால் தாக்குண்ட கால்களை நெருப்பருகே நீட்டிச் சூடேற்றியவர்களுக்கே சதை அழுகும் நோய் அதிகம் வந்ததையும் கண்டறிந்தார். அத்தகைய கால்களைப் பனிக்கட்டியால் தேய்க்க வேண்டும் என்ற அவரது பரிந்துரையைப் பிற்கால மருத்துவம் தவறு என்று கைவிட்டது. இருப்பினும் உறைபனிக் காயத்தை முறைப்படி ஆராய்ந்த முன்னோடிகளுள் அவர் ஒருவராகவே மதிக்கப்படுகிறார். ஐலாவ் போருக்குப் பின் லெஜியன் ஆஃப் ஹானர் விருதில் கமாண்டர் என்னும் உயர்நிலை அவருக்கு அளிக்கப்பட்டது.

1809 மே மாதம் வியன்னாவுக்கு அருகே ஆஸ்பர்ன்–எஸ்லிங் களத்தில் நெப்போலியனின் நெருங்கிய தோழரான மார்ஷல் லான் பீரங்கிக் குண்டால் தாக்கப்பட்டார். அவரது காலை அகற்றியவர் லாரே. எனினும் அம்மாத இறுதியில் லான் உயிரிழந்தார். அதே போரில் டான்யூப் ஆற்றுப் பாலங்கள் உடைந்துபோக, ஆயிரக்கணக்கான காயமுற்றோர் லோபாவ் தீவில் உணவின்றிச் சிக்கிக்கொண்டனர். லாரே தயங்கவில்லை. அதிகாரிகளின் குதிரைகளை அறுக்கச் செய்து, குதிரைப்படையினரின் இரும்பு மார்புக் கவசங்களையே பாத்திரங்களாக்கி, உப்புக்குப் பதிலாக வெடிமருந்தைத் தூவிச் சூப் காய்ச்சிக் கொடுத்தார். குதிரைகளை இழந்த அதிகாரிகள் முறையிட்டபோதும் அவரது செயலே சரி என்று முடிவாயிற்று. தளபதி மாசெனாவும் அந்தச் சூப்பை அருந்தியதாக லாரே எழுதியுள்ளார். அவ்வாண்டே அவர் பேரன் பட்டம் பெற்றார்.

போர்க்களத்துக்கு வெளியிலும் அவரது கைத்திறன் நாடப்பட்டது. பாரிசில் வசித்த ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னிக்கு 1811 செப்டம்பர் 30ஆம் தேதி மார்பகக் கட்டியை அகற்றும் அறுவைச் சிகிச்சையை லாரே செய்தார். மயக்கமருந்து இன்றி நிகழ்ந்த அந்த அறுவையின் வேதனையை ஃபேனி பர்னி தம் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில் விரிவாகப் பதிவுசெய்துள்ளார். அதன் பின்னர் அவர் மேலும் 28 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார்.

ரஷ்யப் பனியில்

1812இல் நெப்போலியனின் மாபெரும் படைக்குத் தலைமை அறுவை மருத்துவராக லாரே உயர்ந்தார். இலட்சக்கணக்கான வீரர்களோடு ரஷ்யாவுக்குள் நுழைந்த அப்படை, தொடக்கத்திலிருந்தே மருந்துக்கும் கட்டுத்துணிக்கும் தவித்தது. ஸ்மோலென்ஸ்க் நகரில் துணி தீர்ந்துபோனபோது, அந்நகர ஆவணக் காப்பகத்தின் காகிதங்களைக் கட்டுத்துணியாகவும், தோல் ஏடுகளை எலும்பு முறிவுக்கான தகடாகவும் அவர் பயன்படுத்தினார். செப்டம்பர் 7ஆம் தேதி நடைபெற்ற பொரோடினோ போரில் 24 மணி நேரத்துக்குள் 200 உறுப்பு நீக்க அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார்.

காயமுற்றோருக்குச் சிகிச்சை அளிக்கும் வரிசை குறித்த தம் விதியை லாரே தெளிவாக எழுதி வைத்தது இப்படையெடுப்பு பற்றிய நினைவுக்குறிப்புகளில்தான். உயிருக்கு ஆபத்தான காயம் அடைந்தவரே முதலில் கவனிக்கப்பட வேண்டும். அவரது பதவியையோ சிறப்பையோ பார்க்கக்கூடாது. காயம் குறைந்தவர்கள், அவர்கள் யாராக இருந்தாலும், கடுங்காயம் பட்டவர்களுக்குச் சிகிச்சை முடியும் வரை காத்திருக்க வேண்டும் என்பது அவ்விதியின் சாரம். தளபதிகளும் பிரபுக்களும் நிறைந்த படையில் இவ்வாறு நடந்துகொள்வது எளிதன்று. காலில் சிராய்ப்புடன் வந்த கர்னலைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, வயிறு கிழிந்த கிராமத்துச் சிப்பாயை மேசையில் ஏற்ற வேண்டும். அவ்வாறு ஏற்றப்பட்டவர்களில் எதிரிப் படையினரும் இருந்தனர்.

மாஸ்கோவிலிருந்து பின்வாங்கிய படையைப் பசியும் பனியும் தின்றன. லாரே தம் மேலங்கியில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு நாள்தோறும் குளிரின் அளவைக் குறித்தார். நவம்பர் இறுதியில் பெரெசினா ஆற்றைக் கடக்கும்போது பாலத்தில் பெருங்கூட்டம் முட்டி மோதியது. அறுவைக் கருவிகளை எடுத்துவரத் திரும்பிச் சென்ற லாரே, நெரிசலில் சிக்கினார். அவரை அடையாளம் கண்ட சிப்பாய்கள் தங்கள் தலைக்கு மேலாகக் கைமாற்றிக் கைமாற்றி அவரை அக்கரை சேர்த்தனர். தன்னுயிரைத் தவிர வேறெதையும் எண்ணாத அக்கூட்டம் ஒரு மருத்துவருக்காக வழிவிட்டது. அவர் பெற்ற விருதுகளில் எதையும்விட இதுவே பெரிது என்று அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் பலரும் கருதுகின்றனர்.

பேரரசருக்கு எதிரான அறிக்கை

அடுத்த ஆண்டு, 1813 மே மாதத்தில், ஜெர்மானிய மண்ணில் லுட்சன், பவுட்சன் ஆகிய இரு போர்கள் நடந்தன. அவற்றுக்குப் பின் ஏறத்தாழ 3,000 வீரர்களுக்குக் கையிலும் விரல்களிலும் காயங்கள் காணப்பட்டன. போரிலிருந்து தப்புவதற்காக இளம் வீரர்கள் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டனர் என்று மார்ஷல் சூல்ட் உள்ளிட்டோர் குற்றஞ்சாட்டினர். கடும் சினமுற்ற நெப்போலியன், குற்றவாளிகளைத் தண்டித்துப் படைக்கு எச்சரிக்கை விடுக்க விரும்பினார். அத்தகைய குற்றத்துக்குத் தண்டனை மரணம்.

விசாரணையின் பொறுப்பு லாரேயிடம் வந்தது. மற்ற மருத்துவர்களுடன் சேர்ந்து 2,600க்கும் மேற்பட்ட வீரர்களை ஒருவர் பின் ஒருவராக அவர் பரிசோதித்தார். பேரரசர் எதிர்பார்க்கும் முடிவு என்ன என்பதை அனைவரும் அறிந்திருந்தனர். லாரே அளித்த அறிக்கையோ ஒருவரும் குற்றவாளி அல்லர் என்று கூறியது. மூன்று வரிசையாக நின்று சுடும் முறையில், பயிற்சி போதாத பின்வரிசை வீரர்களின் துப்பாக்கிகள் முன்னால் நிற்போரின் உயர்த்திய கைகளைத் துளைத்திருந்தன. மேட்டிலிருந்த எதிரியை நோக்கிச் சரிவில் ஏறியபடி சுட்டதும் காயங்களுக்குக் காரணமாயிற்று என்று அவர் விளக்கினார்.

அறிக்கையைக் கண்ட நெப்போலியன் முதலில் சினந்தாலும், பின்னர் அதன் உண்மையை ஏற்றுக்கொண்டார். அன்றிரவே வைரம் பதித்த தம் உருவப்படத்தையும், பணமுடிப்பையும், ஆண்டுக்கு 3,000 பிராங்க் ஓய்வூதிய ஆணையையும் லாரேக்கு அனுப்பிவைத்தார். பல நூறு குடும்பங்களின் பிள்ளைகள் அவமான மரணத்திலிருந்து தப்பினர். கத்தியைத் தொடாமலேயே லாரே காப்பாற்றிய உயிர்கள் அவை.

வாட்டர்லூவில் மரண தண்டனை

1815 ஜூன் 18ஆம் தேதி நடைபெற்ற வாட்டர்லூ போர் நெப்போலியனின் ஆட்சிக்கு முற்றுப்புள்ளி வைத்தது. குண்டுகளுக்கு நடுவே காயமுற்றோரைத் திரட்டிக்கொண்டிருந்த லாரேயைத் தொலைநோக்கியில் கண்ட ஆங்கிலத் தளபதி வெலிங்டன், அத்திசையில் சுடவேண்டாம் என்று ஆணையிட்டதாகக் கூறப்படுகிறது. பின்வாங்கும் வழியில் வாள்வீச்சுக்கு ஆளான லாரே, பிரஷ்யப் படையினரிடம் சிக்கினார். தோற்றத்தில் நெப்போலியனைப் போல இருந்த அவரைச் சுட்டுக்கொல்ல உத்தரவிடப்பட்டது.

தண்டனை நிறைவேறும் முன் அவரது கண்களைக் கட்ட வந்த பிரஷ்ய மருத்துவர், அவர் யார் என்பதை உணர்ந்துகொண்டார். சில ஆண்டுகளுக்கு முன் பெர்லினில் லாரே ஆற்றிய விரிவுரைகளை அவர் கேட்டிருந்தார். தண்டனை நிறுத்தப்பட்டு, லாரே பிரஷ்யத் தளபதி புளூச்சரிடம் அழைத்துச் செல்லப்பட்டார். முன்னொரு போரில் காயமுற்றுப் பிரெஞ்சுப் படையிடம் சிறைப்பட்ட புளூச்சரின் மகனைச் சிகிச்சை அளித்துக் காப்பாற்றியவர் லாரே. எதிரியின் மகன் என்று பாராமல் செய்த சிகிச்சை இப்போது அவருக்கு உயிர்ப்பிச்சையாகத் திரும்பியது. புளூச்சர் அவரைக் காவலர் துணையோடு பத்திரமாக அனுப்பிவைத்தார்.

நிறைவேறாத திட்டம்

லாரேயின் வாழ்வு வெற்றிகளால் மட்டும் ஆனதன்று. பறக்கும் ஆம்புலன்ஸ் அமைப்பு முழுமையாக இயங்கியது பெரும்பாலும் பேரரசரின் மெய்க்காவல் படையில்தான். பிரெஞ்சுப் படை முழுவதற்கும் அதை விரிவுபடுத்த வேண்டும் என்ற அவரது கோரிக்கை நிறைவேறவில்லை. மருந்து, வண்டி, உணவு ஆகியவற்றின் மீதான அதிகாரம் மருத்துவர்களிடம் இல்லை. படை நிர்வாக அலுவலர்களிடமே அது இருந்தது. அவர்களோடு லாரே வாழ்நாள் முழுதும் போராடினார். அவரது சமகாலத்து அறுவை மருத்துவரான பெர்சி, காயமுற்றோரைத் தூக்கிச் செல்வோரைக் கொண்ட தனிப் படையை உருவாக்க முயன்று இதே தடைகளைச் சந்தித்தார்.

நெப்போலியன் வீழ்ந்ததும் லாரேயின் ஓய்வூதியம் பறிக்கப்பட்டது. 1818இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அது மீண்டும் வழங்கப்பட்டது. செயிண்ட் எலினா தீவில் 1821இல் இறந்த நெப்போலியன், தாம் அறிந்த மனிதர்களிலேயே மிகுந்த அறநெறி உடையவர் என்று உயிலில் லாரேயைப் புகழ்ந்து, அவருக்கு 1 இலட்சம் பிராங்க் எழுதி வைத்திருந்தார். 1829இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் உறுப்பினரான லாரே, பின்னர் இன்வாலிட் மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவராகவும் பணிபுரிந்தார். தாம் போர்க்களங்களில் காப்பாற்றிய முதிய வீரர்கள் பலரை அங்கே மீண்டும் சந்தித்தார். 1840 டிசம்பரில் நெப்போலியனின் உடல் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டபோது, 74 வயது லாரே தம் பழைய சீருடையை அணிந்து கடுங்குளிரில் அந்த ஊர்வலத்தில் நடந்து சென்றார்.

1842இல், 75 வயதில், மருத்துவமனைகளைப் பார்வையிட மகன் இப்போலித்துடன் அல்ஜீரியா சென்றார். திரும்பும் வழியில் நோயுற்ற அவர், ஜூலை 25ஆம் தேதி லியோன் நகரில் காலமானார். ஓவியக் கலைஞரான அவரது மனைவி சார்லட், அதற்கு மூன்று நாள்கள் முன்னரே பாரிசுக்கு அருகில் இறந்திருந்தார். முதிய வீரர்கள் உறங்கும் இன்வாலிட் வளாகத்தில் தம்மை அடக்கம் செய்ய வேண்டும் என்பது லாரேயின் விருப்பம். அதற்கு அப்போது அனுமதி கிடைக்கவில்லை. அன்றைய போர் அமைச்சர், 1813இல் இளம் வீரர்கள் மீது குற்றஞ்சாட்டிய அதே மார்ஷல் சூல்ட் என்பது குறிப்பிடத்தக்கது. பெர் லசேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்ட லாரேயின் எச்சங்கள், 150 ஆண்டுகள் கழித்து 1992இல் இன்வாலிட் வளாகத்துக்கு மாற்றப்பட்டன.

இன்றும் தொடரும் விதி

போரில் காயமுற்றோர் எந்த நாட்டவராயினும் சிகிச்சை பெற வேண்டும் என்பதை உலக நாடுகள் 1864ஆம் ஆண்டின் முதல் ஜெனீவா உடன்படிக்கையில்தான் ஏற்றுக்கொண்டன. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே லாரே அதைத் தம் அறுவை மேசையில் நடைமுறைப்படுத்தியிருந்தார். அவரது வரிசை முறையை இன்று மருத்துவ உலகம் ட்ரையாஜ் என்று அழைக்கிறது. வகைபிரித்தல் என்னும் பொருள்கொண்ட பிரெஞ்சுச் சொல் அது. லாரேயின் காலத்தில் வழங்காத அச்சொல், முதலாம் உலகப் போரின்போதே மருத்துவ வழக்கில் பரவியது.

இந்தியாவின் பெரிய மருத்துவமனைகளிலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோர் சிவப்பு, மஞ்சள், பச்சை என வகைப்படுத்தப்படுகின்றனர். சிவப்பு அட்டை பெற்றவர் கூலித் தொழிலாளியாக இருந்தாலும் அவரே முதலில் உள்ளே செல்ல வேண்டும். பச்சை அட்டை பெற்றவர் செல்வாக்கு மிக்கவராக இருந்தாலும் காத்திருக்க வேண்டும். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது ஆக்சிஜனுக்கும் படுக்கைக்கும் நாடெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, இவ்வரிசையைக் காப்பது எவ்வளவு கடினம் என்பதை மருத்துவர்கள் நேரில் உணர்ந்தனர். பரிந்துரைக் கடிதத்துக்கும் தொலைபேசி அழைப்புக்கும் அசையாமல் வாசலில் நிற்கும் பணி மருத்துவரின் முடிவில்தான் அந்த விதி இன்றும் உயிர் வாழ்கிறது.

முன்னர் இராணுவ மருத்துவமனையாக இயங்கிய பாரிசின் வால் தெ கிராஸ் வளாகத்து முற்றத்தில் 1850ஆம் ஆண்டு முதல் லாரேயின் வெண்கலச் சிலை நிற்கிறது. நெப்போலியனின் தளபதிகளுடைய பெயர்கள் பொறிக்கப்பட்ட வெற்றி வளைவிலும் அவர் பெயர் இடம்பெற்றுள்ளது. அத்தளபதிகள் வென்றெடுத்த நிலப்பரப்புகளில் பெரும்பகுதியை 1815க்குள்ளாகவே பிரான்ஸ் இழந்தது. காலணி தைப்பவரின் மகன் வகுத்த சிகிச்சை வரிசையோ எல்லைகளைக் கடந்து நிலைபெற்றுள்ளது.